சுரண்டிய தூசியை ஊருக்கு வெளியே கொட்டுங்கள்

(திருவருகைக் கால வானொலி மறையுரை)



திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. கோவிலில் ஊதாத் திரை போட்டாயிற்று, மெழுகுதிரி வளையமும் வைத்தாயிற்று. வீடுகளில் பெயிண்ட் வாளி வந்து இறங்கிவிட்டது. நம் ஊர்களில் டிசம்பர் பிறந்துவிட்டால் பெயிண்டரையும் கொத்தனாரையும் கையில் பிடிக்க முடியாது. பாலன் பிறப்பதற்குள் வீடு பளிச்சென்று ஆகிவிட வேண்டும். இது நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் உண்மையாகவே ஒரு குழந்தை பிறக்கப் போகிற வீட்டில் இந்த வேலை நடக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்றால், நான் ஒருமுறை தவறு செய்தவன். அதுதான் என் தகுதி.

சில ஆண்டுகளுக்கு முன் குமரி மாவட்டத்தில் ஒரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். அவர்கள் சம்மதம் கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன். தாத்தா காலத்தில் கட்டிய ஓட்டு வீடு. முன்னறை, நடு அறை எல்லாம் பரவாயில்லை. பின்கட்டில் இருந்த அடுக்களைதான் பழைய கோலத்திலேயே கிடந்தது. தரையோடு ஒட்டிய அடுப்பு. ஓட்டின் உள்பக்கம் முழுவதும் அறுபது வருடப் புகைக் கரி. சுவரில் நெஞ்சு உயரத்துக்குப் பச்சை ஆயில் பெயிண்ட், அது உதிர்ந்த இடத்தில் அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் இன்னொரு நிறம். வீட்டில் கேஸ் சிலிண்டர் உண்டு. ஆனால் டீ போடவும் பால் காய்ச்சவும்தான் அது. சோறும் குளிக்கிற வெந்நீரும் விறகில்தான். தென்னந்தோப்பு உள்ள ஊர். கொதும்பும் மட்டையும் சிரட்டையும் காசு கொடுக்காமல் கிடைக்கும்போது யார் சிலிண்டரைக் காலி செய்வார்கள்?

அந்த வீட்டு மகன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறவர். திருமணமாகி ஒன்றரை வருடம். இரண்டு மாத விடுப்பில் வந்திருந்தார். மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஒரு நாள் மாலை தாயும் மகனுமாக என்னைப் பார்க்க வந்தார்கள். இருவருக்கும் இடையே ஒரு வழக்கு. தீர்ப்புச் சொல்ல நான்.

மகன் சொன்னார்: "ஃபாதர், குழந்தை பிறக்கும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். அவ அந்த அடுப்புக்கு முன்னால குனிஞ்சு குனிஞ்சு எந்திரிக்கிறதைப் பாத்துட்டு என்னால போக முடியாது. நின்னு சமைக்க ஒரு மேடையாவது கட்டிக் கொடுத்துட்டுப் போறேன்."

தாய் சொன்னார்கள்: "பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுல சுவரை இடிக்கப்பிடாது சாமி. நான் இவனைச் சுமந்தப்போ என் மாமியார் ஒரு ஆணிகூட அடிக்க விடல்ல."

நான் சிரித்துவிட்டேன். ஆணி அடித்தால் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு என்ன ஆகும் பாட்டி, கடவுளை நம்புகிறவர்கள் இதையெல்லாம் நம்பலாமா, இது மூடநம்பிக்கை என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். அந்த அம்மா பதில் பேசவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு கீழே பார்த்தபடி இருந்தார்கள். மறுநாள் காலையில் நானே போய், தீர்த்தம் தெளித்து, செபம் சொல்லி, வேலையைத் தொடங்கி வைத்துவிட்டு வந்தேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. ஒரு மூடநம்பிக்கையை ஒழித்துவிட்டோம் அல்லவா!

ஒரு வாரம் கழித்து, பக்கத்து வீட்டில் நோயாளிக்கு நற்கருணை கொடுத்துவிட்டு அந்த வழியாகத் திரும்பினேன். வாசலிலேயே தூசி. உள்ளே பெயிண்டர் அடுக்களைக் கதவைப் படுக்கப் போட்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த பச்சை பெயிண்டை ஏற்கெனவே சுரண்டி முடித்திருந்தார்கள். கூரைச் சாய்ப்பில் இருந்த பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைத்து முற்றத்தில் குவித்திருந்தார்கள். கையாள் இரண்டு நாளாக வரவில்லை என்று, அந்தப் பெண், ஐந்து மாதக் கர்ப்பிணி, துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு, வாரியலால் அந்தப் பச்சைத் தூசியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கொல்லையில் மூன்று கல் வைத்து மூட்டிய அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. வேலை செய்கிற ஆறு பேருக்கு அவள்தான் மதியச் சோறு பொங்க வேண்டும். புகையில்லாத அடுக்களை வேண்டும் என்று தொடங்கிய வேலை. அது முடியும்வரை அவளுக்கு முன்பைவிட இரண்டு மடங்கு புகை.

நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் நர்சம்மா வந்துவிட்டார்கள். அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியர், நம் பங்கு மக்களில் ஒருவர். சத்து மாத்திரை கொடுத்து எடை பார்க்க வந்தவர்கள், வாசலில் நின்று ஒரு நிமிடம் பார்த்தார்கள். உள்ளே போய் அவள் கையில் இருந்த வாரியலை வாங்கி மூலையில் வைத்தார்கள். "நீ முதல்ல வெளிய வா மக்ளே" என்று கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார்கள்.

"ஃபாதர், நீங்கதான் மந்திரிச்சுத் தொடங்கி வச்சீங்களாமே. இந்தத் தூசியையும் சேர்த்தா மந்திரிச்சீங்க?"

அன்பார்ந்தவர்களே, குருமடத்தில் படித்த பன்னிரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

அன்று மரத்தடியில் அவர் எனக்குச் சொன்னதை, பிறகு நானும் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதோடு சேர்த்து, உங்களுக்குச் சொல்கிறேன். பழைய ஆயில் பெயிண்டில் ஈயம் இருக்கும். நிறம் எடுப்பாக இருக்கவும் சீக்கிரம் உலரவும் அதைச் சேர்த்தார்கள். மஞ்சள், பச்சை, சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறங்களில் அது கூடுதலாக இருப்பது வழக்கம். சுண்ணாம்பு அடித்த சுவரில் இந்தச் சிக்கல் இல்லை. கதவிலும் சன்னலிலும் கம்பியிலும், அடுக்களைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வசதியாக அடித்த பெயிண்டிலும்தான். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி வந்தது. 2017 நவம்பரில்தான் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்ட் எல்லாம் இன்னும் நம் சுவர்களில்தான் இருக்கிறது. சும்மா இருக்கும்வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. உலர்ந்தபடி சுரண்டினாலோ, உப்புத்தாளால் தேய்த்தாலோ, நெருப்பால் வாட்டி எடுத்தாலோ தூசியாகவும் ஆவியாகவும் எழும்பி மூக்கில் போகும். பாத்திரத்தில் படியும், சோற்றில் விழும்.

தாயின் உடலில் போன ஈயம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. அதைத் தடுக்கும் சுவர் அங்கே இல்லை. கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, பிறகு அந்தக் குழந்தையின் மூளை வளர்ச்சியில் பின்னடைவு ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பு உண்டு. இந்த அளவுவரை போனால் பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவு கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டால் இந்த நுண்ணிய தூசி நின்றுவிடாது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியோ உடனே எதுவும் காட்டாது. நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். அதை உடைக்கவும் கூடாது, அறுக்கவும் கூடாது. நனைத்து, ஆணியைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். நாமோ சுத்தியலை எடுத்து ஒரே போடு. உடைத்த துண்டுகளைப் பள்ளத்தில் கொட்டி நிரப்புகிற வீடுகளும் உண்டு.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேறு எதையோ தேடி விவிலியத்தைப் புரட்டியபோது லேவியர் நூலில் கண் நின்றது. உண்மையைச் சொல்கிறேன், நாம் யாரும் விரும்பிப் படிக்கிற நூல் அல்ல அது. பலி, தீட்டு, தோல்நோய் என்று போகும். மறையுரை ஆயத்தம் செய்யும்போது நான் அதைத் தாண்டிப் போய்விடுவதுதான் வழக்கம். ஆனால் பதினான்காம் அதிகாரத்தின் பிற்பகுதி வீட்டுச் சுவரைப் பற்றியது. நீங்களும் இன்று வீட்டில் எடுத்துப் பாருங்கள்.

ஒருவர் தம் வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ ஏதோ பூத்திருப்பதைக் கண்டால் குருவிடம் போய்ச் சொல்ல வேண்டும். குரு செய்கிற முதல் காரியம் என்ன? வந்து செபிப்பதா? இல்லை. தாம் வந்து பார்ப்பதற்கு முன்பே வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார். பிறகுதான் உள்ளே போகிறார். வீட்டை ஏழு நாள் பூட்டி வைக்கிறார். மீண்டும் வந்து பார்க்கிறார். கெட்டுப்போன கற்களைப் பெயர்க்கச் சொல்கிறார். உள்சுவர் முழுவதையும் சுரண்டச் சொல்கிறார். சுரண்டியதை எங்கே போடுவது? முற்றத்தில் அல்ல, கொல்லையில் அல்ல. ஊருக்கு வெளியே, அதற்கென்று உள்ள இடத்தில் கொட்ட வேண்டும். அதன்பின் வேறு கல் வைத்து, வேறு சாந்து பூச வேண்டும். பூட்டியிருக்கும்போது அந்த வீட்டில் படுத்தவரும் உண்டவரும் தம் உடைகளைத் துவைக்க வேண்டும். எல்லாம் முடிந்து, வீடு நன்றாகிவிட்டது என்று கண்ட பிறகுதான் தூய்மைச் சடங்கு.

அந்தக் காலத்து மக்களுக்கு ஈயம் கலந்த ஆயில் பெயிண்டும் தெரியாது, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் தெரியாது. அந்தப் பகுதி பேசுவது சுவரில் படருகிற ஒருவகைப் பூசணத்தைப் பற்றி என்றுதான் அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அதில் நம் பெயிண்டைப் பார்ப்பதாக நான் சொல்லவில்லை. நான் பார்த்தது வரிசையை. முதலில் ஆட்கள் வெளியே. பிறகு வேலை. கழிவு ஊருக்கு வெளியே. துணி துவைப்பு. கடைசியில் ஆசீர். நான் என்ன செய்தேன்? கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்தேன். முதலில் செய்ய வேண்டியதைச் செய்யவே இல்லை.

இன்னொன்றும் அன்று உறைத்தது. அந்த அம்மாவின் மாமியார் ஆணி அடிக்க விடவில்லையே, அவருக்குக் காரணம் சொல்லத் தெரிந்திருக்காது. ஆணிக்கும் பிள்ளைக்கும் தொடர்பில்லைதான். ஆனால் கர்ப்பிணி இருக்கிற வீட்டில் இடிக்காதே என்ற சொல்லுக்குள், தூசியும் இரைச்சலும் கால் இடறுகிற கல்லும் இல்லாமல் அவள் இந்த மாதங்களைக் கழிக்கட்டும் என்ற ஒரு பெண்ணின் அக்கறை எங்கோ புதைந்து இருந்திருக்கலாம். நான் உமியோடு சேர்த்து அரிசியையும் கொட்டிவிட்டேன். மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் அந்த அம்மாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சாமி, நீங்க படிச்சவங்க" என்றார்கள். அந்தச் சொல் மன்னிப்பா குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சரி, அவளை வெளியே அனுப்ப வேண்டும். எங்கே அனுப்புவது? தாய்வீட்டுக்குத்தானே என்று நீங்கள் உடனே சொல்வீர்கள். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அப்போதுதான் அந்தப் பெண் முதல்முறையாக வாய் திறந்தாள். "அவங்க இருக்கப்போறதே இன்னும் ஒரு மாசம்தான் ஃபாதர். நான் அம்மா வீட்டுக்குப் போயிட்டா, பிறகு ரெண்டு வருசம் கழிச்சுத்தான் பாக்க முடியும்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வீட்டில் இத்தனை நாள் சுவரைப் பற்றியும் மேடையைப் பற்றியும் டைல்ஸ் நிறத்தைப் பற்றியும் பேசினோமே, அவள் மனதில் ஓடுவதை ஒருவரும் கேட்கவில்லை.

வழி காட்டியது அவர்கள் அன்பியத்தில் இருந்த ஒரு கைம்பெண். இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவர், எழுபது வயது. பிள்ளைகள் வெளியூரில். "என் வீட்டு மேற்கு அறை சும்மாதானே கெடக்கு. ரெண்டு பேரும் வந்து படுங்க. பகல்ல பிள்ளை இங்கயே இருக்கட்டும்" என்றார். அன்று மாலையே அறையை ஒழித்துக் கட்டிலைப் போட்டார்கள். எனக்கு அரசர்கள் இரண்டாம் நூலில் வருகிற சூனேம் ஊர்ப் பெண் நினைவுக்கு வந்தாள். வழிப்போக்கராக வந்துபோகும் எலிசாவுக்காகத் தன் வீட்டு மாடியில் ஒரு சிற்றறை கட்டுவித்து, அதில் கட்டிலும் மேசையும் நாற்காலியும் விளக்கும் வைத்தவள். விவிலியத்தில் ஒரு அறைக்கான சாமான்களை இப்படி எண்ணிச் சொல்கிற இடங்கள் அதிகம் இல்லை. அந்த அறையின் வாசலில் நின்றபோதுதான், அடுத்த ஆண்டு இதே பருவத்தில் உன் கையில் ஒரு மகன் இருப்பான் என்ற செய்தி அவளுக்குக் கிடைத்தது. நம் பாட்டி கொடுத்த அறையிலும் அதே நான்கு சாமான்கள்தான். ஒரு மின்விசிறி மட்டும் கூடுதல்.

அடுத்த கேள்வி சோறு. அன்பியத்தில் பதினாறு குடும்பங்கள். நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்தார்கள். வேலைக்காரர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பதில் கூலியோடு சேர்த்துப் பணமாகவே கொடுத்துவிடுவது என்று முடிவானது. கொல்லை அடுப்பு அணைந்தது. இதில் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. தினமும் பொங்குகிற சோற்றில் இரண்டு ஆழாக்கு கூடுதல். ஆனால் அன்னை மரியா மலைநாட்டுக்கு விரைந்து போய் எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாரே, அந்த மூன்று மாதமும் அவர் அங்கே என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? பாடிய பாடலை லூக்கா எழுதி வைத்திருக்கிறார். தண்ணீர் எடுத்ததையும் மாவு பிசைந்ததையும் எழுதவில்லை. எலிசபெத்து வயதானவர், ஆறாம் மாதம். யாராவது ஒருவர் அடுக்களையைப் பார்த்திருக்கத்தானே வேண்டும்.

பெயிண்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நர்சம்மா எல்லோரையும் வெளியேற்றிய பிறகும் அவர் அந்தத் தூசிக்குள்தான் இருந்தார். இருபது வருடமாகச் சுரண்டுகிறவர். முகக்கவசம் என்று ஒன்றை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. நான் கேட்டதற்கு, "பீடியைவிட இது மோசமா சாமி?" என்று சிரித்தார். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. வேலை முடிந்து போனதும் அதே சட்டையோடு தூக்கிக் கொஞ்சுவாராம். லேவியர் நூல் துணி துவைப்பதை வேலையாக எழுதி வைத்திருப்பது இதற்காகவும்தான் என்று எனக்குத் தோன்றியது. அன்றுமுதல் அவர் வேலை செய்த வீட்டிலேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு போகத் தொடங்கினார். கதவைத் தண்ணீர் தெளித்து நனைத்துத்தான் தேய்த்தார். கீழே பிளாஸ்டிக் விரிப்பு. பெருக்குவது நின்றது, ஈரத்துணியால் துடைப்பது வந்தது. சுரண்டியதைச் சாக்கில் கட்டினார்கள். கொல்லையில் எரிக்கவும் இல்லை, வாழைக்குழியில் கொட்டவும் இல்லை. ஊராட்சிப் பணியாளர்களிடம் கேட்டு, வீடுகளும் கிணறும் இல்லாத இடத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். உங்கள் வீட்டிலும் கொத்தனாருக்கும் பெயிண்டருக்கும் நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது உங்கள் செலவு. அவருடைய கூலியில் பிடிக்காதீர்கள்.

மேடை கட்டுகிற நாளில் ஒரு வேடிக்கை. கொத்தனார், "உயரம் எவ்வளவு வைக்கட்டும்?" என்று கேட்டார். மகன் தன் இடுப்பைக் காட்டினார். அவர் ஆறடிக்குப் பக்கம். சமைக்கப் போகிறவள் ஐந்தடிக்குக் கொஞ்சம்தான் கூட. தற்செயலாக அங்கே நின்ற நர்சம்மாதான், அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு அரைச் சாண் கீழே கரித்துண்டால் கோடு போட்டார்கள். எத்தனை வீடுகளில் மேடையின் உயரத்தைச் சமைக்காதவர் முடிவு செய்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். கேஸ் சிலிண்டர் வைக்கிற இடத்திலும் ஒரு செய்தி உண்டு. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடுதான் தங்கும். அதனால் மேலே சன்னல் இருந்தால் போதாது, சிலிண்டர் நிற்கிற இடத்தில் தரையை ஒட்டி ஒரு திறப்பு வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இணைச்சட்ட நூலின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில், புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வை, யாராவது விழுந்தால் அந்தப் பழி உன் வீட்டின் மேல் வரும் என்ற பொருளில் ஒரு சட்டம் இருக்கிறது. தரையை ஒட்டி வைக்கிற அந்தத் திறப்பை நான் அந்தச் சட்டத்தோடுதான் சேர்த்துப் பார்க்கிறேன்.

இதே காலத்தில் வேறொரு வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. நம் மாநிலத்தில் ஏழைத் தாய்மார்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைத்து வந்தது. அந்த வீட்டில் தவணைப் பணம் வந்த அன்றே அது டைல்ஸ் கடைக்குப் போய்விட்டது. "பிள்ளைக்குத்தானே ஃபாதர் வீடு" என்றார் கணவர். அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்தப் பணம் முட்டைக்கும் பாலுக்கும் கீரைக்கும் என்று வந்தது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். பளபளப்பான சுவருக்கு முன்னால் வெளிறிப்போன ஒரு தாய். அப்படிப்பட்ட வீட்டை மந்திரிக்க என்னைக் கூப்பிட்டால் நான் முதலில் அடுக்களைப் பானையைத் திறந்து பார்ப்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வானொலி கேட்டுக்கொண்டிருக்கும் கர்ப்பிணிச் சகோதரி யாராவது, ஐயோ நானும் போன வாரம் சுரண்டிய சுவரைப் பெருக்கினேனே என்று பயந்துவிட வேண்டாம். பயம் எதையும் சரி செய்யாது. இன்றே அதை நிறுத்துங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடமோ நர்சம்மாவிடமோ நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இடிக்கிற வேலையைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். முடியாத குடும்பங்கள் உண்டு, அதை நான் நேரில் பார்த்தவன். விடுப்பு முடியும், மழை வரும், வாங்கிய கடனுக்கு வட்டி ஓடும். அப்படியானால் முதலில் அவளுக்கு ஒரு அறை பாருங்கள். அன்பியப் பொறுப்பாளர்களே, உங்கள் பகுதியில் எந்த வீட்டில் பெயிண்டர் வருகிறார், எந்த வீட்டில் பிள்ளைத்தாச்சி இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கிறிஸ்மஸ் கேக்குக்குப் பணம் பிரிக்கிற கூட்டத்திலேயே இதையும் ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள்.

அந்த வீட்டு வேலை நினைத்த நாளில் முடியவில்லை. மகன் விமானம் ஏறுகிற அன்று மேடையும் புகைபோக்கியும் இருந்தன, டைல்ஸ் இல்லை. சுவர் வெறும் சிமெண்ட் பூச்சோடு நின்றது. அவருக்கு அதில் வருத்தம்தான். அவளுக்கு இல்லை. ஏழாம் மாதத்தில் தாய்வீட்டுக்குப் போனாள். மார்ச் மாதம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். திருமுழுக்கு முடிந்து குழந்தையோடு அந்த வீட்டுக்குத் திரும்பிய பிறகு, மந்திரிக்க வரச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

போனேன். பழைய சாக்கு மூட்டை ஒன்றும் முற்றத்தில் இல்லை. தரை ஈரத்துணியால் துடைத்துக் காய்ந்திருந்தது. புது மேடையில் கேஸ் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து நின்று கஞ்சி வடித்தாள். மேற்கு அறைப் பாட்டியும் வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டில் இருந்து மகன் கைபேசித் திரையில் எட்டிப் பார்த்தார். நான் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து முடிந்ததும் மாமியார் உள்ளே போய்ச் சட்டம் போட்ட ஒரு படத்தை எடுத்து வந்தார்கள். திருக்குடும்பப் படம். கூடவே ஒரு சுத்தியலும் ஒரு ஆணியும்.

"சாமி, இப்ப அடிக்கலாமா?" என்றார்கள்.

அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். நான் படத்தைப் பிடித்துக்கொண்டேன், ஆணியை அவர்களே அடித்தார்கள்.